வெயில் கணக்கு

மார்ச் 9

பொடிசுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உன் அண்ணனின் அடக்கத்துக்கு வந்தவள், என் முகத்தைப் பார்க்காமலே ஜீப்பில் ஏறிப் போனாய். அதற்குப் பிறகு ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது. நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது எழுதுவது உறவு கொண்டாட இல்லை, ஒரு வேலைக்காக.

போன மழையில் சரிந்த செல்போன் கோபுரத்தை இனி நிறுத்தப் போவதில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. எங்கள் மேல்பள்ளத்தாக்கில் இருக்கிற சொற்ப வீடுகளுக்கு அது கட்டுப்படியாகாதாம். ஆக, ஜீப் வராத நாளில் இங்கே யாருக்கு என்ன ஆனாலும் கீழே மருத்துவமனைக்குச் சொல்ல ஓர் ஆள் நடந்துதான் போக வேண்டும். தச்சர் மனைவிக்குப் பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் போனபோது, அப்படி மேட்டு வழியாக நடந்து போனவர்தான் உன் அண்ணன். அவர் சறுக்கி விழுந்தார். அவளும் பிழைக்கவில்லை. குழந்தை மட்டும் தங்கியது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். இங்கே நான் ஒருத்திதான் நர்ஸ். இன்னொரு முறை அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவமனை டாக்டர் ஒரு வழி சொன்னார். வெயிலில் தானே சார்ஜ் ஏறும் சின்னப் பெட்டிகளை மலைக்கு மலை வைத்தால், ஒன்று சொல்வதை இன்னொன்று வாங்கிக் கைமாற்றி அனுப்புமாம். கோபுரம் வேண்டாம், கம்பெனி வேண்டாம். உள்ளே என்னென்ன போட வேண்டும் என்று கேட்டேன். "தெரிஞ்ச ஆளாப் பாத்துக் கேளுங்கம்மா. கடைக்காரன் கண்டதையும் தலையில கட்டிடுவான்" என்றார்.

எனக்குத் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான்.

அத்தைக்கு உடம்பு எப்படி இருக்கிறது? சொல்ல மனமில்லை என்றால் இந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடு.

அண்ணி

———

மார்ச் 20

அண்ணிக்கு,

வேலைக்காக என்று எழுதியதால் பதில் எழுதுகிறேன். அண்ணனைப் பற்றி இனி எழுதாதீர்கள். அவன் எப்படிப் போனான் என்பதும் தெரியும், யார் போகச் சொன்னது என்பதும் தெரியும்.

எந்தப் பொருளையும் இப்போது வாங்க வேண்டாம். பெட்டி எந்த இடத்தில் நிற்கப் போகிறது என்று தெரிந்தால்தான் உள்ளே என்ன போடுவது என்று சொல்ல முடியும். உங்கள் மருந்தகத்துக் கூரையில் ஏறி நின்று பாருங்கள். அங்கிருந்து எந்த மலை தெரிகிறது, அந்த மலையில் நின்றால் மருத்துவமனை தெரிகிறதா? கண்ணுக்குத் தெரிந்தால்தான் ரேடியோவுக்கும் தெரியும். இடையில் மரமோ பாறையோ இருந்தால் எழுதுங்கள். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, இரவில் எவ்வளவு குளிர் என்பதையும் எழுதுங்கள்.

நான் போன் பழுது பார்க்கிற கடை எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஓர் அறை. ஈயம் பற்றவைக்கிற புகை வெளியே போக ஜன்னல்கூடக் கிடையாது. இங்கே உட்கார்ந்துகொண்டு உங்கள் மலையை என்னால் பார்க்க முடியாது. நீங்கள் எழுதுவதுதான் எனக்குக் கண்.

அம்மா இருக்கிறாள். முழங்கால் வலி.

பொடிசு

———

ஏப்ரல் 2

பொடிசுக்கு,

நீ கேட்டதையெல்லாம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். துணைக்குத் தச்சர் வந்தார்.

மருந்தகத்துக் கூரையிலிருந்து மேடு தெரிகிறது. மேட்டில் ஏறி நின்றால் மருத்துவமனையின் வெள்ளைத் தண்ணீர்த்தொட்டி தெரிகிறது. இரண்டையும் ஒருசேரப் பார்க்கிற இடம் அது ஒன்றுதான். மரம் கிடையாது, வெட்டவெளி, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில். எந்த மேடு என்று உனக்குப் புரிந்திருக்கும். நீ எழுதாதே என்று சொன்னதால் இதற்கு மேல் எழுதவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. அருவிக்கு மேலே மலைத்தோளில் ஒரு பெட்டி, மலை வளைகிற இடத்தைத் தாண்டி இன்னொரு பெட்டி. இரண்டும் உயிரோடு இருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். இப்போது அங்கேயும் நல்ல வெயில்தான் அடிக்கிறது. குளிர்காலத்தில் இரவில் வாளித் தண்ணீர் கட்டியாக உறைந்துவிடும். அது உனக்குப் பயன்படுமா தெரியவில்லை.

தச்சர் கம்பம் செய்து தருகிறார். அதிகம் பேச மாட்டார். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே மலை ஏறினார். பெண் குழந்தை. எதைப் பார்த்தாலும் புருவத்தை நெரித்து, பரீட்சை வைக்க வந்த டீச்சர் மாதிரி முறைக்கிறாள். என்னைப் பார்த்தால் மட்டும் சிரித்து மார்க் போடுவாள்.

அண்ணி

———

ஏப்ரல் 18

அண்ணிக்கு,

தண்ணீர் உறையும் என்று எழுதினீர்களே, நீங்கள் எழுதியதிலேயே முக்கியமானது அதுதான்.

முதலில் ரேடியோ போர்டு. இரண்டு வகையை மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் வசதி அதிகம், ஆனால் அகோரப் பசி. இரண்டு நாள் மேகம் மூடினால் படுத்துவிடும். இன்னொன்றால் இரண்டு வரிச் செய்திதான் அனுப்ப முடியும், படம், குரல் எதுவும் போகாது. ஆனால் முதலாவது தின்பதில் பத்தில் ஒரு பங்கைக்கூட இது தின்னாது. இதைத்தான் எடுத்திருக்கிறேன். "வண்டி அனுப்பு" என்று சொல்ல இரண்டு வரி போதும்.

அடுத்தது பேட்டரி. பழைய லேப்டாப் செல்கள் கடையில் குவிந்து கிடக்கின்றன. அவை வேண்டாம். உறைகிற குளிரில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே கெட்டுவிடும், சில சமயம் தீப்பிடிக்கும். கொஞ்சம் கனமான, எளிதில் தீப்பிடிக்காத வகை ஒன்று இருக்கிறது. அதையும் உறைகுளிரில் சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் குளிரை அளந்து, உறைகிற நிலையில் சார்ஜை நிறுத்திவைக்கிற ஒரு சின்ன போர்டையும் சேர்க்கிறேன். வெயில் பட்டுப் பெட்டி சூடானதும் மறுபடி ஏற்றத் தொடங்கும்.

நீளமான ஆன்டெனா வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ரொம்பத் தூரம் பேசும், ஆனால் நேர்க்கோட்டில்தான். பள்ளத்தில் இருக்கிற உங்கள் தலைக்கு மேலேயே போய்விடும். குட்டைதான் சரி. பெட்டியில் துளை போடுவதென்றால் அடியில் மட்டும்.

இனி இடம். மேட்டில் வேண்டாம். தோளில் இரண்டு பெட்டி வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்துக்கு என் கையால் செய்த பொருள் போகாது. காரணம் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உதிரிபாகம் வாங்க இங்கே வந்த ஜீப் டிரைவர் கடைக்கு வந்திருந்தார். "உங்க அண்ணி எந்நேரமும் தச்சர் வீட்டுலதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா உள்ளே இருந்தாள். அவள் காதில் விழுந்தது.

பொடிசு

———

மே 6

பொடிசுக்கு,

ஆமாம், தச்சர் வீட்டில்தான் இருக்கிறேன். பால் காய்ச்சுகிறேன், துணி அலசுகிறேன், அவர் வேலைக்குப் போனால் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே நோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கிறேன். தாயில்லாத குழந்தையை யாராவது தூக்கத்தானே வேண்டும்? டிரைவருக்குச் சிரிப்பு வருகிறதென்றால் சிரிக்கட்டும். அத்தை காதில் விழுந்தது என்று எழுதினாயே, என் பக்கத்தையும் அதே காதில் போடு.

நீ கேட்காமலே இன்னொன்றுக்கும் பதில் சொல்கிறேன். உன் அண்ணனைப் போகச் சொன்னது நான்தான். "நான் அவளை விட்டுட்டு நகர முடியாது, நீங்க போங்க" என்றேன். செருப்பைத் தேடினார், கிளம்பினார். மறுபடி அதே நிலைமை வந்தாலும் அனுப்புவேன். அவள் என் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தாள். இதற்காக நீ என்னை வெறுத்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

மேடுதான் சரியான இடம் என்று உனக்கே தெரியும். ஆனால் பொருள் அனுப்புகிறவள் நீ. ஒன்றுமே இல்லாமல் இருப்பதைவிடத் தோளில் இருக்கிற பெட்டி மேல். நீ சொல்கிறபடியே வைக்கிறேன். அனுப்பு.

அண்ணி

———

மே 25

அண்ணிக்கு,

பார்சலில் எல்லாம் இருக்கிறது. ஒரு பெரிய பேனலுக்குப் பதில் இரண்டு சின்னது வைத்திருக்கிறேன். அந்தச் செங்குத்தில் பெரியதைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் எழுதிய வெயிலுக்கு இது போதும்.

பேனலைக் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிறுத்திவையுங்கள். சருகும் பனியும் வழுக்கி விழ வேண்டும். ஆன்டெனா மாட்டாமல் போர்டுக்கு மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். கருகிப் போகும்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நானே இரண்டு முறை படித்தேன்.

பொடிசு

———

ஜூலை 14

பொடிசுக்கு,

வேலை செய்கிறது!

மருந்தகத்துப் பெட்டியோடு இணைத்த என் செல்போனில் தட்டியது அடுத்த நிமிஷம் மருத்துவமனை ஜன்னலில் இருக்கிற பெட்டிக்குப் போய்விட்டது. முதல் செய்தியாக என்ன அனுப்புவது என்று ஊரே கூடி யோசித்தது. பெரிய பெரிய வாசகமெல்லாம் சொன்னார்கள். நான் பதற்றத்தில் "சாப்பிட்டாச்சா" என்று அனுப்பிவிட்டேன். கீழேயிருந்து டாக்டர் "இன்னும் இல்லை, நீங்க?" என்று பதில் போட்டார். கை தட்டினார்கள்.

தச்சர் கம்பத்தைப் பாறை இடுக்கில் இறக்கி ஆப்பு அடித்திருக்கிறார். யானை முட்டினாலும் அசையாது. குழந்தைக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. நீ அனுப்பிய ஒயர் கட்டுகிற பட்டை ஒன்றை நாள் முழுக்கக் கடிக்கிறாள், பிடுங்கினால் ஊரைக் கூட்டுகிறாள்.

நன்றி என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அண்ணி

———

செப்டம்பர் 3

அண்ணிக்கு,

"சாப்பிட்டாச்சா"வைப் படித்துவிட்டுக் கடையில் வாய்விட்டுச் சிரித்தேன். வாடிக்கையாளர் ஒருத்தர் தன் போனைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டார்.

அம்மா அந்தக் கடிதத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "கொழந்தைக்கு அதுக்குள்ள பல்லு வந்துடுச்சா" என்றாள். உங்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவளாக இந்த அளவு பேசியதே பெரிது.

குழந்தைக்குக் கடிக்க ரப்பர் வளையம் அனுப்புகிறேன். பட்டை வேண்டாம், அதன் ஓரம் ஈறைக் கிழிக்கும்.

பொடிசு

———

டிசம்பர் 12

பொடிசுக்கு,

குழந்தை போய்விட்டாள்.

சளி பிடித்திருந்தது. இரண்டு நாளில் நெஞ்சில் இறங்கிவிட்டது. விலா உள்ளே இழுக்கத் தொடங்கியதும் ஆக்சிஜன் இல்லாமல் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செய்தி அனுப்பினேன். "போய்ச் சேரவில்லை" என்று காட்டியது. மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அதேதான். செய்தி போயிருந்தால் ஆக்சிஜனோடு வண்டி, ரோடு முடிகிற பாலம் வரைக்கும் வந்திருக்கும். மேட்டில் முழங்கால் அளவு பனி, நடக்கப் பாலத்துக்குச் சுற்றிப் போகிற கீழ்ப்பாதை ஒன்றுதான் இருந்தது.

தச்சர் அவளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டார். "நான் எடுத்துட்டுப் போறேன். நீங்க அதை அமுக்கிட்டே இருங்க, எப்பவாவது போயிடும்" என்றார். நான் கூடப் போகவில்லை. கூரையில் நின்று அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

பொழுது சாய்ந்த பிறகு திரும்பி வந்தார். போர்வை அப்படியே இருந்தது. "பாலத்துக்கு முன்னாடியே மூச்சு நின்னுடுச்சு. இருந்தாலும் பாலம் வரைக்கும் போய்ப் பாத்தேன். வண்டி இல்ல" என்றார்.

மறுநாள் தோளுக்குப் போனேன். பெட்டி செத்துக் கிடந்தது. உடையவில்லை, நனையவில்லை. பேட்டரியில் ஒரு சொட்டு சார்ஜ்கூட இல்லை. ஏன் என்று சொல்.

அண்ணி

———

டிசம்பர் 27

அண்ணிக்கு,

ஏன் என்று சொல்கிறேன்.

குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போகும். எதிர் மலையின் நிழல் பட்டப்பகலிலேயே தோள் மேல் விழும். நிழலில் பெட்டி சூடாகாது. சூடாகாத வரை, நான் வைத்த போர்டு சார்ஜ் ஏற விடாது. பேட்டரி ஏறாமலே கரைந்திருக்கும். எல்லாப் பொருளும் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. கணக்குதான் தப்பு. ஏப்ரல் வெயிலை வைத்து டிசம்பருக்குக் கணக்குப் போட்டேன்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை அண்ணி. குளிர்காலத்தில் அங்கே நிழல் எங்கே விழும் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மேடுதான் என்று பதில் வந்திருக்கும். அந்தப் பதில் எனக்கு வேண்டாம். அதனால் கேட்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். கண்ணால் பார்த்திராத குழந்தைக்காக அம்மா அழுத அழுகை, அண்ணனுக்குக்கூட அப்படி அழவில்லை. "எழுதும்போது என் பேரையும் சேத்துப் போடு" என்றாள். போட்டிருக்கிறேன்.

எனக்குக் கை ஓடவில்லை. பழுது பார்க்க வந்த இரண்டு போனைக் கெடுத்துவிட்டேன். என்னைத் திட்டி ஒரு கடிதமாவது போடுங்கள்.

பொடிசு, அம்மா

———

ஜனவரி 15

பொடிசுக்கு,

திட்டப் போவதில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் எழுத வரவில்லை. பகலெல்லாம் உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறது. பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போது கோபம் வருகிறது. பிறகு, அங்கே இப்போது நல்ல வெயில்தான் என்று உனக்கு எழுதியது யார் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்த மலையில் இத்தனை குளிர்காலம் இருந்தவள் நான்தானே.

உன் அண்ணனை அனுப்பிய அன்று மழை விட்டிருந்தது. பாதை காய்ந்திருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ அதற்காக என்னோடு பேசாமல் இருந்தாய். நானும் இப்போது உன்னோடு பேசாமல் இருந்தால் பெட்டியை யார் செய்வது?

தச்சரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நிழல் விழுகிற பகுதி வந்ததும் தலையை ஆட்டினார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மேட்டுல வெக்கறதுன்னா தகடு எவ்வளவு பெருசு? கம்பத்தை அதுக்குத் தகுந்தாப்ல அறுக்கணும்."

அளவை எழுது. பனி விட்டதும் பொருளோடு நீயும் வா. இந்த முறை வெயிலை உன் கண்ணால் பார்.

அண்ணி

———

ஏப்ரல் 20

அண்ணிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உங்கள் வீட்டில் ஒரே பாயில் படுத்திருந்தும் சொல்ல முடியாததை இங்கே வந்து எழுதுகிறேன்.

மேடு என்றால் பெரிய பாறைச்சரிவு, பாதாளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் காட்டிய இடத்தில் கொஞ்சம் சரளைக்கல், ஒரு சின்ன இறக்கம், அதன் அடியில் ஓடை. குழந்தைகள் சறுக்கி விளையாடுகிற அளவுக்குத்தான் இருக்கிறது. இந்த இடமா அவனைக் கொண்டுபோனது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இதற்காகவா பயந்து விலகி, பெட்டியைக் கொண்டுபோய் நிழலில் வைத்தேன்?

நீங்கள் கீழே தண்ணீர் எடுக்கப் போனபோது நடந்ததைச் சொல்லவில்லை. தச்சர் பேனலைக் கம்பத்தில் முறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஆன்டெனாவை மாட்டிவிட்டுப் பேட்டரியை இணைத்தேன்.

"தங்கச்சி, இந்தத் தகடு போதுமா?" என்றார்.

"போதும்ணே" என்றேன்.

"போன தடவையும் போதும்னுதான் எழுதியிருந்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஆணி அளவு கேட்கிற மாதிரிதான் சொன்னார். பெட்டியின் மூடியை முடுக்கிவிட்டு எழுந்தேன். பிறகு, வருஷத்திலேயே சூரியன் மிகவும் தாழ்ந்து போகிற நாளில் எந்த மலைக்கு மேலே நிற்கும் என்று கையை நீட்டிக் காட்டினேன். மேடு முழுக்க வெயில் இருக்கும், பனி மூடினாலும் பேனல் செங்குத்தாக நிற்பதால் உதிர்ந்துவிடும், ஒரு மாதம் மேகம் மூடினாலும் பேட்டரி தாங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் என் விரல் போன திசையை ரொம்ப நேரம் பார்த்தார். "சரி" என்றார். மறுபடி முறுக்கத் தொடங்கினார்.

கீழே மருத்துவமனைப் பெட்டியை இணையத்தோடு சேர்த்துவிட்டேன். இனி இங்கிருந்தே உங்களுக்குச் செய்தி அனுப்பலாம். கடிதம் எழுத வேண்டிய அவசியம் இருக்காது.

பொடிசு

———

ஆகஸ்ட் 8

பொடிசுக்கு,

அவசியம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மரம் வெட்டப் போன ஒருத்தருக்குத் தொடை மேல் கட்டை விழுந்து கால் நசுங்கிவிட்டது. மூன்று நாளாக மழை, மேகம் தரையில் கிடந்தது. நான் கட்டுப் போட்டுக்கொண்டே ஒரு கையால் தட்டினேன். உடனே போய்விட்டது. அவரைக் கட்டிலோடு தூக்கிப் பாலத்துக்குக் கொண்டுபோகும்போது வண்டி அங்கே நின்றுகொண்டிருந்தது. காலை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார்.

ஊரே தச்சர் வீட்டுக்குப் போனது. "உன் கம்பம்தான்யா காப்பாத்துச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் சொல்லி முடிக்கிற வரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். ஏறுவதற்கு முன் என்னிடம் வந்து, "நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்றார். குழந்தையைச் சொன்னாரா, பெட்டியைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. கூட்டுரோட்டில் இறங்கிக்கொண்டார் என்று டிரைவர் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

பேனலைத் துடைக்க இப்போது நான் தனியாகத்தான் மேட்டுக்கு ஏறுகிறேன். சரளை சறுக்குகிறது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கிறது.

நேற்று நீ பெட்டி வழியாக "எப்படி இருக்கீங்க அண்ணி?" என்று கேட்டாய். அதில் வருவதை ஊரே படிக்கும். "நல்லா இருக்கேன்" என்று அனுப்பிவிட்டேன்.

நான் நன்றாக இல்லை, பொடிசு. அத்தையையும் கூட்டிக்கொண்டு வா.

அண்ணி